வெண்டக்கா பிரட்டல்: கடாயா, ஏர் ஃப்ரையரா, எண்ணெய்ல பொரிச்சிடலாமா?

வெண்டக்கா பிரட்டல் என்ன பெரிய சமையலா, காய், எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, மஞ்சத்தூள், மிளகாத்தூள், உப்பு, அவ்ளோதான். ஆனா இதே சாமானை வச்சு ஒரு வீட்ல மொறுமொறுன்னு வருது, அடுத்த வீட்ல கொழகொழன்னு கரண்டியோட ஒட்டிக்கிட்டு வருது. கேட்டா மசாலா சரியில்ல, காய் சரியில்ல, தண்ணி பட்டுடுச்சுன்னு ஆளுக்கொரு காரணம் சொல்லுவாங்க. தண்ணி விஷயம் பாதி உண்மை. மசாலாவுக்கும் கொழகொழப்புக்கும் சம்பந்தமே கிடையாது, எந்தப் பாத்திரத்துல ஒரே நேரத்துல எவ்ளோ காயைப் போடுறோம்ங்கிறதுதான் முக்கால்வாசி.

இப்ப சிங்கப்பூர்ல பாதி வீட்டு கிச்சன்ல ஒரு ஏர் ஃப்ரையர் உக்காந்திருக்கு, கேபினெட் உள்ள ஊர்லேருந்து லக்கேஜ்ல துணி சுத்திக் கொண்டாந்த இரும்புக் கடாய் ஒண்ணு கெடக்கு, தினப்பாட்டுக்கு ஒரு நான்ஸ்டிக். வேலை முடிஞ்சு எம்ஆர்டி ரயில்ல இடிபட்டு வீடு வந்து சேரும்போது மணி ஏழு, சாதம் குக்கர்ல, நேத்து சாம்பார் ஃப்ரிட்ஜ்ல, தொட்டுக்க ஒரு வெண்டக்கா மட்டும் பண்ணணும்னா இதுல எதை எடுக்கிறது? ரெண்டு மூணு பேருக்குன்னா நான் அகலமான தட்டைப் பேன்தான் எடுப்பேன், குழியான கடாய் இல்ல, ஏர் ஃப்ரையரும் இல்ல. மத்ததுக்கும் அதுக்குன்னு நேரம் இருக்கு, வரேன்.

முதல்ல அந்த வழவழப்பு எங்கேருந்து வருதுன்னு புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும். காய்க்குள்ள கோந்து மாதிரி ஒரு நார்ச்சத்து இருக்கு, தண்ணில கரையிற ஜாதி. வெட்டின இடத்துலேருந்து வெளிய வரும், தண்ணி கெடைச்சா பெருகும், தண்ணி வத்திட்டா அடங்கிடும். வெண்டக்காவுல பத்துல ஒன்பது பங்கு தண்ணிதான், அதனால நாம வெளியிலேருந்து ஒரு சொட்டு ஊத்தலைன்னாலும் உள்ள இருக்கிறது வந்துக்கிட்டேதான் இருக்கும், அது ஆவியா போறதுக்கு இடம் வேணும். கடாயில குவியலா போட்டா அடில இருக்கிற காயோட ஆவி மேல இருக்கிற காயில போய் பட்டு திரும்பவும் தண்ணியாகுது, அப்ப அது பிரட்டல் இல்ல, அவியல். மீன் தலைக் கறியில வெண்டக்கா போடுறாங்களே, அங்க தண்ணிலயே கெடக்குது, ஆனா கறி ஒண்ணும் கொழகொழன்னு ஆகுறதில்ல, ஏன்னா காம்பு மட்டும் சீவிட்டு முழுசா போடுறாங்க, வெட்டுவாயே இல்ல. வெட்டினா தண்ணியை விரட்டணும், விரட்ட முடியாதுன்னா வெட்டவே கூடாது, கணக்கு அவ்ளோதான்.

காய் வாங்குறதுலயும் ரெண்டு மூணு வழி இருக்கு. லிட்டில் இந்தியா தேக்கா மார்க்கெட்ல தளதளன்னு குட்டைக் காயா பொறுக்கி எடுக்கலாம், ஆள்காட்டி விரல் நீளத்துக்கு மேல போனா நார் ஓடிடும், முனையை லேசா வளைச்சாலே டக்குன்னு ஒடியணும். ஒடிச்சுப் பாக்கும்போது கடைக்காரம்மா மொறைப்பாங்க, அது வேற விஷயம். "எல்லாத்தையும் ஒடிச்சு வச்சிட்டுப் போனா நான் யாருக்கும்மா விக்கிறது"ன்னு கேட்டா பதில் சொல்ல முடியாது, அதனால ஒண்ணு ஒடிச்சுப் பாத்துட்டு அந்தக் குவியல்லேருந்தே வாங்கிட்டு வந்திடுறது மரியாதை. சூப்பர்மார்க்கெட் பாக்கெட் வாங்குறது சுலபம்தான், ஆனா பிளாஸ்டிக்குக்குள்ள வேர்த்துப் போயிருக்கும், வீட்டுக்கு வந்ததும் பிரிச்சு பேப்பர்ல சுத்தி வைக்கணும். ஃப்ரிட்ஜ்ல ரொம்ப குளிர்ற பக்கம் வேண்டாம், வெண்டக்கா 7 டிகிரிக்குக் கீழ போனா தாங்காது, கறுப்புப் புள்ளி விழுந்து மெத்துமெத்துன்னு ஆயிடும். காய்கறி டிராயர்ல வச்சு ரெண்டு மூணு நாளுக்குள்ள தீத்துடுங்க.

ஃப்ரோசன் வெண்டக்கா இருக்கே, வெட்டினதே வருது, நேரம் மிச்சம்னு நெறைய பேர் வாங்குறாங்க. குழம்புக்கு தாராளமா வாங்குங்க. பிரட்டலுக்கு வேண்டாம். உறையும்போது உள்ள ஐஸ் ஊசி ஊசியா உருவாகி காயோட உள்சுவரை எல்லாம் கிழிச்சு வச்சிருக்கும், உருகும்போது கோந்து மொத்தமும் வெளிய வந்திடும். வேற வழியே இல்லைன்னா உருக விடாம அப்படியே நல்லா காஞ்ச பேன்ல கொஞ்சம் கொஞ்சமா போட்டு எடுக்கலாம், சாப்பிடலாம், பிரட்டல்னு பேர் வைக்கத்தான் மனசு வராது.

சரி, பேனுக்கு வருவோம். 28 சென்டிமீட்டர் பேன்ல 300 கிராம் காயை அரை அங்குல துண்டா வெட்டிப் போட்டா ஒரே வரிசையா பரவி உக்காந்து, நடுநடுவுல பேனோட அடி கூடத் தெரியும். அரைக்கிலோ போட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும், அங்கதான் சனியன் ஆரம்பிக்குது, அரைக்கிலோவுக்கு ரெண்டு தடவையா பண்ணுங்க. முழுக்காயா கழுவி, துணியால ஒவ்வொண்ணா தொடைச்சு, அப்புறம்தான் கத்தி. ஊர்ல வெட்டின காயை முறத்துல பரப்பி வெயில்ல கொஞ்ச நேரம் வைப்பாங்க, இங்க சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல, கிச்சன்ல பரப்பி வச்சா காயுறதுக்குப் பதிலா இன்னும் ஈரம் குடிக்கும்போல இருக்கு. ஃபேனுக்குக் கீழ தட்டுல பரப்பி வைக்கலாம், இல்ல காலையிலேயே வெட்டி மூடாம ஒரு தட்டுல ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டா சாயங்காலத்துக்குள்ள வெட்டுவாய் காஞ்சிருக்கும், அவ்ளோ நேரத்துக்கு புள்ளி எல்லாம் விழாது.

ரெண்டரை மூணு டேபிள்ஸ்பூன் எண்ணெய், கடுகு வெடிச்சு, உளுத்தம்பருப்பு செவந்து, கறிவேப்பிலை, மஞ்சத்தூள், உடனே காய். தீ நடுத்தரத்துக்கு கொஞ்சம் மேல. மூடி போடாதீங்க, உப்பும் இப்ப போடாதீங்க, உப்பு தண்ணியை இழுத்து வெளிய விட்டுடும். முதல் ரெண்டு நிமிஷம் சடசடன்னு சத்தம் வரும், பச்சை இன்னும் பளிச்சுன்னு ஆகும், பாக்கவே நல்லாருக்கும். நாலாவது அஞ்சாவது நிமிஷம் கரண்டியைத் தூக்கினா வெள்ளை நூல் நூலா இழுக்கும், இங்கதான் பாதிப்பேர் பயந்துபோய் வேகலைன்னு நெனச்சு தண்ணி தெளிப்பாங்க, இல்ல கிண்டு கிண்டுன்னு கிண்டுவாங்க. ரெண்டும் செய்யாதீங்க. கிண்டக் கிண்ட நூல் கூடும், விதையும் கழண்டு வெளிய வந்திடும். ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை அடியோட அள்ளித் திருப்பி விட்டுட்டு சும்மா இருங்க. ஏழு எட்டு நிமிஷத்துல நூல் அறுந்து அறுந்து வரும், சத்தமும் மாறும், ஈரமான சடசட போயி எண்ணெய்ல காயுற மாதிரி ஒரு சொரசொரப்பு. துண்டோட வெட்டுவாய் ஓரத்துல பழுப்பு வளையம் விழ ஆரம்பிச்சதும் உப்பு, மிளகாத்தூள், இன்னும் ரெண்டு நிமிஷம், இறக்கிடலாம். மொத்தமா பன்னெண்டு நிமிஷம் வச்சுக்கோங்க. வெங்காயம் வேணும்னா சின்ன வெங்காயத்தை முதல்லயே தனியா வதக்கி எடுத்து வச்சிட்டு கடைசியில கலங்க, பெரிய வெங்காயமும் காயும் ஒண்ணா போட்டா ரெண்டும் சேந்து தண்ணி விடும். தக்காளியைப் பத்தி நான் பேசவே இல்ல.

எந்தப் பேன்னு கேட்டா, நான்ஸ்டிக்ல எண்ணெய் கம்மியா போதும், ஒட்டாது, ஆனா வெறும் பேனை பெரிய தீயில காய வைக்கக்கூடாது, அதனால அந்தப் பழுப்பு வளையம் கொஞ்சம் தாமதமாத்தான் வரும். இரும்பு சூட்டை நல்லா பிடிச்சு வச்சுக்கும், காயைப் போட்டதும் சூடு இறங்காது, ருசின்னு பாத்தா இதுதான் முதல் இடம். நிறம் மட்டும் போயிடும், வெண்டக்கா இரும்புல பட்டு கறுத்து ஒரு மாதிரி ஆயிடும், சாப்பிடுறதுக்கு ஒண்ணும் கெடுதி இல்ல, ஆனா விருந்தாளி வர அன்னிக்கு வாழை இலையில வைக்க அழகா இருக்காது. புளி, தயிர், எலுமிச்சைன்னு புளிப்பு எதுவும் இரும்புல சேக்காதீங்க, இன்னும் கறுத்து இரும்பு வாடையும் அடிக்கும். அப்புறம் ஊர்லேருந்து கொண்டாந்த உருண்டை அடிக் கடாய் இண்டக்ஷன் அடுப்புல உக்காரவே உக்காராது, புது வீட்டுக்கு இண்டக்ஷன் போடலாம்னு யோசிக்கிறவங்க இதையும் கணக்குல எடுத்துக்கோங்க. தட்டை அடி இரும்பு தோசைக்கல் ஓரம் கொஞ்சம் தூக்கினதா இருந்தா வெண்டக்காவுக்கு அது ராஜா.

ஏர் ஃப்ரையர். இதைத் திட்டுறவங்களும் இருக்காங்க, தலையில தூக்கி வச்சு ஆடுறவங்களும் இருக்காங்க. அதோட வேலையே சூடான காத்தை வேகமா சுத்த விட்டு ஈரத்தை எடுக்கிறது, அப்படிப் பாத்தா வெண்டக்காவுக்குன்னே செஞ்ச மெஷின்தான். 250 கிராம் காயை ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், மஞ்சத்தூள் பெரட்டி 180 டிகிரியில 12 முதல் 15 நிமிஷம், நடுவுல ஒரு தடவை கூடையைக் குலுக்கிவிட்டா போதும், அந்த நேரத்துல நீங்க பிள்ளையைக் குளிப்பாட்டலாம், ரசம் வைக்கலாம், அடுப்பு முன்னாடி நிக்க வேண்டியதில்ல. இதுதான் அதோட பெரிய லாபம், எண்ணெய் மிச்சம்ங்கிறது எனக்கு ரெண்டாம்பட்சம். ரெண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் கொறஞ்சா 240 கலோரி கொறையும், கலோரி எண்ணுறவங்களுக்கு அது பெருசு, ஒத்துக்கிறேன். கரண்ட் செலவைப் பத்தி பயப்படாதீங்க, 1500 வாட் மெஷின் 15 நிமிஷம் ஓடினா அரை யூனிட் கூட ஆகாது, காசுக்கணக்குல பாத்தா ஒரு வெள்ளியில (சிங்கப்பூர் டாலர்தான்) பத்துல ஒரு பங்கு சுமாருக்கு வரும்.

ஆனா தாளிப்பை அதுக்குள்ள செய்ய முடியாது, இதை யாரும் முன்னாடியே சொல்றதில்ல. கறிவேப்பிலையைப் போட்டா காத்துல பறந்து மேல கம்பியில போய் ஒட்டி கருகி, அடுத்த நாலு நாளுக்கு எதைப் போட்டாலும் அந்த வாடை. மிளகாத்தூளை முதல்லயே போட்டா 15 நிமிஷம் காத்துல காஞ்சு கசப்பாயிடும், கதவைத் தொறந்தா இருமல் வேற. அதனால தூள் எல்லாம் கடைசி மூணு நிமிஷத்துல, இல்லைன்னா ரெண்டு ஸ்பூன் கடலை மாவு, ஒரு ஸ்பூன் அரிசி மாவோட சேத்துப் பெரட்டிப் போடணும், மாவு தூளைப் பிடிச்சு வச்சுக்கும். அப்படிப் பண்ணினா வர்றது பிரட்டல் இல்ல, பக்கோடாவோட தங்கச்சி, டிவி முன்னாடி உக்காந்து கொறிக்க பிரமாதம், சாம்பார் சாதத்துக்கு கொஞ்சம் வறண்டு போன மாதிரி இருக்கும். நடுவழி ஒண்ணு இருக்கு, ஏர் ஃப்ரையர்ல காயை மட்டும் வாட்டி எடுத்து, சின்னப் பேன்ல தாளிச்சு மசாலா போட்டு ஒரு நிமிஷம் பெரட்டி இறக்கிடுறது. நல்லா வரும், ஆனா கழுவுறதுக்கு ரெண்டு பாத்திரம். ஒருத்தர் ரெண்டு பேருக்குன்னா அதுக்கு நேரா பேனையே வச்சிடலாம். நாலஞ்சு பேருக்குன்னா கூடை பத்தாது, ரெண்டு மூணு ஈடு போட்டா முதல் ஈடு ஆறிப்போயிருக்கும். பெரிய கூட்டத்துக்கு ஓவன் இருக்கிறவங்க பெரிய டிரேல பரப்பி 200 டிகிரியில 20, 25 நிமிஷம் வைங்க, கிலோக்கணக்குல பண்ண அதுதான் நிம்மதி.

எண்ணெய்ல பொரிக்கிறதுக்கு வேற எதுவும் ஈடு கிடையாது, ருசியில. மெல்லிசா வட்டம் வட்டமா வெட்டி 175, 180 டிகிரி எண்ணெய்ல போட்டா ஈரம் மொத்தமும் நுரையா பொங்கி வெளியேறிடும், நுரை அடங்கினதும் எடுத்திடலாம். தயிர் பச்சடிக்கும் கிச்சடிக்கும் இப்படிப் பொரிச்சதுதான் சரி, பேன்ல வதக்கினது தயிர்ல விழுந்ததும் சொதசொதன்னு ஆயிடும். தீபாவளி, பொங்கல்னு விருந்து நாள்ல பண்ணலாம். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமைக்கு யாரு ரெண்டு கப் எண்ணெய் காய வைக்கிறது? அதுலயும் நம்ம பழைய புளோக் (அடுக்குமாடி) வீடுகள்ல கிச்சன் ஜன்னலுக்கு வெளியதான் மூங்கில் கம்புல துணி காயுது, பொரிக்கிற வாடை மொத்தமும் மறுநாள் ஆபீஸ் சட்டையில. புது வீடுன்னா ஓப்பன் கிச்சன், 2018 ஜூன்லேருந்து புது வீடுகள்ல தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம், மிளகா புகைக்கு அது கத்த ஆரம்பிச்சா பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து எட்டிப் பாப்பாங்க. மிச்ச எண்ணெயை சிங்க்ல ஊத்தாதீங்க, குழாய் அடைச்சுக்கும், ஆற வச்சு பழைய டப்பால ஊத்தி மூடி குப்பையில போடணும், அதுவும் ஒரு வேலை.

புளிப்பு சேத்தா கொழகொழப்பு போயிடும்னு ஒரு கட்சி இருக்கு, போறது உண்மைதான். புளிப்பு அந்தக் கோந்தோட பிசுபிசுப்பைக் கொறைக்கும். ஆனா எதை எப்ப போடுறோம்ங்கிறது இருக்கு. கெட்டித் தயிர் ஒரு ஸ்பூன் நூல் இழுக்க ஆரம்பிக்கும்போது போட்டா கேக்கும், லேசான பால் வாசனையோட நல்லாவும் இருக்கும். புளித்தண்ணி கேக்கும், ஆனா தண்ணின்னு ஒண்ணு உள்ள போகுதே, அதை வத்த வைக்க இன்னும் நாலு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள காய் குழைஞ்சிடும். எலுமிச்சை ருசிக்கு மட்டும், அடுப்பை அணைச்சப்புறம். ஆம்சூர் தூள் (காய வச்ச மாங்காயை அரைச்ச தூள்) இருந்தா அதுதான் என் ஓட்டு, புளிப்பும் இருக்கு, தண்ணியும் இல்ல. பேன் அகலமா இருந்து தீ சரியா இருந்தா இது எதுவுமே தேவையில்லங்கிறதையும் சொல்லிடுறேன், குழியான சின்னக் கடாய் மட்டும்தான் இருக்குன்னா தயிர் கை கொடுக்கும்.

மசாலா அவங்கவங்க இஷ்டம், நான் சண்டைக்கு வரலை. சாம்பார், மோர்க்குழம்போட சாப்பிடுறதுன்னா வெறும் மிளகாத்தூள் மஞ்சத்தூள் போதும், குழம்புலயே மல்லி வாசனை இருக்கு, திரும்பவும் சாம்பார் பொடி போட்டா ரெண்டும் ஒரே ருசியா மங்கிடும். ரசம் சாதம், தயிர் சாதத்துக்கு சாம்பார் பொடி அருமை. சப்பாத்திக்குன்னா சீரகம், மல்லித்தூள், கடைசியில ஆம்சூர். சோம்பு தட்டிப் போட்டு, கறித்தூள் ஒரு ஸ்பூன் போட்டு பிரட்டுறது இங்க நெறைய வீட்ல இருக்கிற பழக்கம், மீன் கறித்தூள் போட்டுப் பாருங்க, வெண்டக்காவுக்கும் மீன் மசாலாவுக்கும் ஒரு பொருத்தம் இருக்கு, காய் மட்டும் சாப்பிடுறவங்களும் தாராளமா போடலாம், பேர்தான் மீன், உள்ள இருக்கிறது மல்லி மிளகா சீரகம் வகையறாதான், சந்தேகம்னா பாக்கெட் பின்னாடி படிச்சுக்கோங்க. சம்பல் வெண்டக்கா வேணும்னா அது வேற பாதை, பெலாச்சான் சம்பலை (இறால் விழுது சேத்து அரைச்ச மிளகா மசாலா) எண்ணெய் பிரியிற வரைக்கும் தனியா வதக்கி, காயைத் தனியா பெரிய தீயில ரெண்டு மூணு நிமிஷம் வாட்டி, ரெண்டையும் சேத்து உடனே இறக்கணும், பச்சை நிறம் இருக்கும்போதே. நாசி பாடாங்னு சொல்ற இந்தோனேசிய சாப்பாட்டுக் கடையில பளபளன்னு பச்சையா அடுக்கி வச்சிருப்பாங்களே அது. அங்க கொஞ்சம் வழவழப்பு இருந்தாலும் யாரும் முகம் சுளிக்கிறதில்ல, சம்பலோட சேந்து அது வழுக்கிக்கிட்டு இறங்குறதே ஒரு சுகம்.

டிபன் பாக்ஸ் கட்டுறவங்களுக்கு மட்டும் என் ஓட்டு மாறும். பேன்ல பண்ணினதை சூடா டப்பால அடைச்சு மூடினா பத்து நிமிஷத்துல மூடியில வேர்த்து சொட்டு சொட்டா கீழ விழுந்து, பன்னெண்டு நிமிஷம் நின்னு விரட்டின தண்ணி எல்லாம் திரும்ப வந்திடும். மத்தியானச் சாப்பாட்டுக்குன்னா ஏர் ஃப்ரையர்ல கடலை மாவு இல்லாம நல்லா வறட்டி எடுத்தது தாங்கும், அதையும் முழுசா ஆற வச்சு, சாதத்தோட சேக்காம தனி டப்பால போடுங்க. ராத்திரி மீந்ததை மைக்ரோவேவ்ல வைக்காதீங்க, மறுபடி நூல் இழுக்கும். பேன்ல சொட்டு எண்ணெய் விட்டு மூடாம ரெண்டு நிமிஷம், இல்லைன்னா அப்படியே தயிர்ல போட்டு, நாலு கடுகு தாளிச்சுக் கொட்டி பச்சடின்னு சொல்லிடுங்க. பொரிச்சுப் பண்ண பச்சடி அளவுக்கு வராது, ஆனா காலைல சப்பாத்திக்கு ஆச்சு.